விடியும்வரை மீதி வைக்காதே: ஸ்தோத்திரக் காணிக்கையும் அன்றன்றைய அப்பமும்

மதுரையில் எந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குப் போனாலும் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை, வாசிக்கிற ஒரு நேரம் இருக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், சுகப்பிரசவம், பையனுக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, புது வண்டி வாங்கினது, வீட்டுக்கு நிலை வைத்தது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு கவரில் பணம் போட்டு மேலே காரணத்தை எழுதிக் கொடுக்கும், குருவானவர் பெயர் சொல்லி வாசித்து ஜெபிப்பார். கத்தோலிக்கர்கள் இதையே நன்றிப் பூசை வைக்கிறது என்பார்கள். பெந்தெகொஸ்தே சபையில் கவர் இருக்கிறதோ இல்லையோ, மைக் கைக்கு வரும், சாட்சி சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருகிறவருக்கு இதெல்லாம் அறிவிப்பு வாசிக்கிற மாதிரிதான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கே பல வாரம் அப்படி ஆகிவிடுகிறது என்பதுதான் வருத்தம். இந்தக் கவருக்குப் பின்னால் ரொம்பப் பழைய ஒரு சட்டம் இருக்கிறது, அது தெரிந்தால் கவர் கொடுக்கிற கையே கொஞ்சம் மாறும் என்று நினைக்கிறேன்.

லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பலிகளைப் பற்றிய அதிகாரம், வருஷத்தில் ஒரு தடவை முழு பைபிளையும் வாசிக்கிறவர்கள்கூட வேகமாகத் தாண்டிப் போகிற இடம். அதில் ஸ்தோத்திரபலிக்கு என்று ஒரு தனி விதி: ஒருவன் நன்றி சொல்ல ஒரு ஆட்டையோ மாட்டையோ கொண்டுவந்தால், அந்த மாம்சத்தைச் செலுத்துகிற அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியற்காலம் வரைக்கும் எதையும் வைக்கக் கூடாது. இதோடு புளித்த மாவு அப்பம், புளிப்பில்லாத அதிரசம் என்று ஒரு குவியல் வேறு. அடுத்த வசனத்திலேயே பொருத்தனைக்கும் (நேர்ந்துகொண்டதற்கும்) உற்சாகத்துக்கும் (தானாக மனசு வந்து கொடுப்பதற்கும்) செலுத்துகிற பலிக்கு வேறு விதி வருகிறது: அதை மறுநாளும் சாப்பிடலாம். நன்றிக்கு மட்டும் ஒரே நாள்தான் கெடு.

ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் எப்படித் தின்று முடிக்கும்? முடியாது. அப்போ என்ன செய்வான், பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவான், சொந்தக்காரனைக் கூப்பிடுவான், வழியில் போகிற ஏழையை உட்கார வைப்பான். வருகிறவர்கள் கேட்பார்கள், என்ன விசேஷம் என்று. இவன் சொல்லுவான், கர்த்தர் எனக்கு இன்ன காரியம் செய்தார் என்று. ஆக சாப்பாடும் பரவுகிறது, சாட்சியும் பரவுகிறது. நன்றியைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ள வழியே இல்லாமல் செய்துவிட்டது அந்த ஒரு வரிச் சட்டம்.

நம் பக்கத்துத் திருச்சபைகளில் இது அப்படியே வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது, விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகையில். அமெரிக்கன் மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834-ல். அவர்கள் வேலை செய்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, பெரியகுளம் வட்டாரமெல்லாம் அப்போது முழுக்க விவசாயப் பூமி. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மிஷன் சபைகள் அதற்குள் வந்துவிட்டன, அறுப்பின் பண்டிகையும் கூடவே வந்தது. பண்டிகை அன்றைக்கு நெல் மூட்டை, வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், கோழி, முட்டை, ஆட்டுக்குட்டி, கம்பு, சோளம் எல்லாம் ஆலயத்துக்குள் வந்து பீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும், ஆராதனை நடுவில் சேவல் கூவும், யாரும் அதை ஒரு தொந்தரவாக எடுத்துக்கொள்வதில்லை. டவுனில் இருக்கிறவர்கள், நிலம் இல்லாதவர்கள், அரிசி சிப்பம், வீட்டில் சுட்ட முறுக்கு, கேக், செடித் தொட்டி என்று கொண்டு வருவார்கள்.

ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. மார்க்கெட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற எலுமிச்சம்பழம் ஏலத்தில் நூறைத் தாண்டும், ஒரு வாழைத்தாரை எடுத்தவர் அதைத் திரும்பச் சபைக்கே கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்லுவார், ஒரு கோழி மூன்று பேர் கை மாறும். யாரும் லாபம் பார்த்து வரவில்லை. கொண்டுவந்தவர் யார், எடுத்தவர் யார் என்பது கொஞ்ச நேரத்தில் கலந்துபோய்விடும், அப்புறம் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். லேவியராகமத்து ஆடு மாதிரியேதான், அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியாறு அணை 1895-ல் திறந்த பிறகு அந்தத் தண்ணீர் பாய்கிற மேலூர்ப் பக்கத்து வயல்களுக்கு ஒரு நிச்சயம் வந்தது. வானம் பார்த்த பூமியான உசிலம்பட்டி, கள்ளிக்குடி பக்கம் மானாவாரிக்காரருக்கு அந்த நிச்சயம் இல்லை. மழை பொய்த்த வருஷத்திலும் அந்த ஊர்களில் அறுப்பின் பண்டிகை நடக்கும். நெல் மூட்டைக்குப் பதிலாக நாலு முட்டை வரும், ஒரு படி கம்பு வரும். விளையாத வருஷத்தில் அறுப்புக்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்வது என்று பட்டணத்துப் பிள்ளைகள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆபகூக் தீர்க்கதரிசி அதே இடத்தில் நின்றுதான் பாடினான்: அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சச்செடியில் பழம் இல்லை, வயலில் தானியம் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை, ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். இல்லை, இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறான் பாருங்கள், இருக்கிற மாதிரி நடிக்கவில்லை. இழந்ததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணிவிட்டு அதற்கப்புறம்தான் ஸ்தோத்திரத்துக்கு வருகிறான். இந்த வரிசை ரொம்ப முக்கியம், பின்னால் இதற்கு வருகிறேன்.

அறுப்பின் பண்டிகை வருஷத்துக்கு ஒரு நாள். தினப்படி நன்றிக்கு நம் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி கைப்பிடி அரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், பானை நிறைந்ததும் சபைக்குக் கொடுப்பார்கள், அது ஊழியத்துக்கோ, ஆஸ்டல் பிள்ளைகளுக்கோ, விதவைகளுக்கோ போகும். கையில் காசே புழங்காத வீட்டுப் பெண்ணும் தன் சொந்த அதிகாரத்தில் கொடுக்கக் கூடிய காணிக்கை அது, புருஷனிடம் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது: வீட்டில் ஆறு பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி குறைகிறது. நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வோம் என்று தெரியாத வீட்டில் அந்த ஒரு பிடியை எடுப்பதற்கு, நாளைக்கும் கர்த்தர் தருவார் என்று மனசுக்குள் ஏதோ ஒரு உறுதி வேண்டும். நன்றியும் நம்பிக்கையும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு தனித் தனிப் பிரசங்கத் தலைப்பு கிடையாது. ஒரே கைதான் இரண்டையும் செய்தது. கைப்பிடி அரிசி இன்றைக்குப் பல வீடுகளில் இல்லை. அரிசியைச் சிப்பமாக வாங்கி, டம்ளரில் அளந்து, குக்கரில் போடுகிறோம். அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று பார்த்தால், மாசம் ஒரு தடவை கணக்குக்குத் தானாகப் போகிற காணிக்கை வந்திருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது, நல்லதுதான், ஆனால் தினமும் ஒரு தடவை நின்று யோசிக்கிற அந்தக் கணம் போய்விட்டது. எனக்கு அது பெரிய நஷ்டமாகப் படுகிறது.

இப்போது யாத்திராகமம் 16-க்குப் போவோம், வானத்திலிருந்து மன்னா என்கிற ஆகாரம் விழுந்த கதை. வனாந்தரத்தில் ஜனங்கள் தினமும் காலையில் போய் அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும், ஒருவரும் விடியற்காலம் மட்டும் அதில் மீதி வைக்கக் கூடாது என்று மோசே சொல்கிறான். சிலர் கேட்கவில்லை, எடுத்து வைத்தார்கள், மறுநாள் புழு பூத்து நாறிவிட்டது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு நாளைக்குச் சேர்த்து எடுக்கலாம், ஓய்வுநாளுக்காக, அன்றைக்கு அது கெடவில்லை.

இரண்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மன்னாவுக்கும் அதே கெடு, ஸ்தோத்திரபலிக்கும் அதே கெடு: விடியும்வரை மீதி வைக்காதே. கடவுளிடமிருந்து வாங்குகிற ரொட்டியும், வாங்கினதற்காகக் கடவுளுக்குச் சொல்கிற நன்றியும், இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. போன வருஷம் சொன்ன ஸ்தோத்திரம் இந்த வாரத்துக்குப் போதாது, அடுத்த மாதத்துக்கு வேண்டிய விசுவாசத்தை இன்றைக்கே பொறுக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் அதுதானே இருக்கிறது, எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்று. நாம் சின்ன வயசிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறதால் அந்த ‘இன்று’ காதில் விழுவதே இல்லை. கலிலேயாவில் அந்த ஜெபத்தை முதலில் கேட்ட கூட்டத்தில் பலர் அன்றாடம் கூலிக்குப் போனவர்கள், திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையில் சந்தைவெளியில் சாயங்காலம் வரைக்கும் வேலைக்கு ஆள் கூப்பிடுவார்களா என்று நிற்கிறார்களே, அப்படிப்பட்டவர்கள். மதுரையில் காலையில் கட்டட வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று தூக்குவாளியோடு ரோட்டோரம் நிற்கிற சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் அந்த ஜெபம் விளக்கவே வேண்டாம். மாசச் சம்பளக்காரர்களுக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

சேமிக்கவே கூடாதா என்றால், அப்படியில்லை. அதே பைபிளில் யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷ விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்தான், அதனால்தான் பஞ்சத்தில் ஜனங்கள் பிழைத்தார்கள். லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவானும் களஞ்சியத்தை இடித்துப் பெரிசாகக் கட்டுவேன் என்று திட்டம் போட்டான், அவனை மதிகேடன் என்கிறார் ஆண்டவர். யோசேப்பின் களஞ்சியத்தில் ஊருக்கு இடம் இருந்தது, இவன் பேசினதெல்லாம் தன் தானியம், தன் பொருள், தன் ஆத்துமா, வேறு ஒரு ஆளின் பெயர்கூட அவன் வாயில் வரவில்லை.

கத்தோலிக்கர் பக்கம் நன்றிக்கு வேறு ஒரு நெடிய பாரம்பரியம், நேர்த்திக்கடன். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகக் காவி உடுத்திக்கொண்டு, சின்னத் தேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, மதுரையிலிருந்து நடந்தே போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களை வைத்திருக்கிற இடத்தில் வெள்ளியில் கண், கை, கால், தொட்டில், வீடு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் அழுகை இருக்கிறது. சிவகங்கைப் பக்கம் இடைக்காட்டூரில் 1894-ல் கட்டின திரு இருதய ஆலயத்துக்கும் மதுரையிலிருந்து வேண்டுதலோடு ஜனங்கள் போகிறார்கள். புராட்டஸ்டண்ட் ஆட்கள் சிலர் இதைக் கொடுக்கல் வாங்கல் என்று குறை சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாக்கோபு பெத்தேலில் பண்ணின பொருத்தனையே அப்படித்தான் இருக்கிறது: தேவன் என்னோடு இருந்து, உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்து, சமாதானத்தோடு திரும்பி வரப்பண்ணினால், தருவதில் எல்லாம் பத்தில் ஒரு பங்கு கொடுப்பேன். கடவுள் அந்தப் பிள்ளைத்தனமான பேச்சைத் தள்ளிவிடவில்லை. ஆனால் யாக்கோபு அங்கேயே நின்றுவிடவில்லை என்பதும் உண்மை, வருஷங்கள் கழித்து யாப்போக்கு ஆற்றங்கரையில் ராத்திரி முழுக்கப் போராடி, தொடைச்சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டே ஆசீர்வாதத்தோடு போனான். பொருத்தனையில் ஆரம்பிக்கலாம். அதிலேயே குடியிருப்பதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கல் நம் சாட்சி நேரத்தில் தெளிவாகத் தெரிகிறது. வேலை கிடைத்தவர் எழுந்து சாட்சி சொல்கிறார், விசா வந்தவர் சொல்கிறார், கட்டி கரைந்தவர் சொல்கிறார். எல்லாம் உண்மை, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம். ஆனால் பின் பெஞ்சில் ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார், அவரும் அதே உபவாச ஜெபத்துக்கு வந்தார், அதே எண்ணெய் பூசினார்கள், அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். அவருக்குச் சாட்சி நேரம் வந்தாலே தலை குனிந்துவிடும். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் கேட்டது கிடைத்தவர்கள் மட்டுமே பேசுகிற ஒரு சபையில் கிடைக்காதவருக்குத் தன் விசுவாசத்தில் ஏதோ ஓட்டை இருந்ததாகத் தானாகவே தோன்றிவிடுகிறது. வருஷக் கடைசி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதிலும் இதே ஆபத்து இருக்கிறது. உன்னை வாலாக்காமல் தலையாக்குவேன் என்று வந்தால் சந்தோஷம், உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்கிற வசனம் எந்த அட்டையிலும் வருவதில்லை, அதுவும் இயேசு சொன்ன வாக்குதான். அப்புறம், விதை காணிக்கை என்று சொல்லி, இவ்வளவு கொடுத்தால் இத்தனை மடங்கு வரும் என்று கந்துவட்டிக்குக் கடன் வாங்கிக்கூட ஜனங்களைக் கொடுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் நேராகவே சொல்கிறேன், அது ஏழைகளிடம் செய்கிற பாவம். நன்றியை முதலீடாக மாற்றினால் அங்கே கடவுள் இல்லை, வட்டிக் கணக்குதான் இருக்கிறது.

பைபிளின் ஸ்தோத்திரத்தில் அழுகைக்கு இவ்வளவு இடம் இருக்கும்போது நாம் ஏன் அதைச் சபையில் வெளியே நிறுத்தினோம் என்று தெரியவில்லை. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் சங்கீதங்கள் அவ்வளவு இருக்கின்றன, எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்பதெல்லாம் அங்கே ஜெபம்தான். 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வசனம்கூடக் கிடையாது, ஆனாலும் அதைச் சங்கீதமாக வைத்துப் பாடினார்கள். தானியேல் 3-ல், சிலையைப் பணியாவிட்டால் அக்கினிச் சூளையில் போடுவேன் என்று மிரட்டின ராஜாவிடம் அந்த மூன்று பேர் என்ன சொன்னார்கள்? எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமல் போனாலும் நாங்கள் உம்முடைய பொற்சிலையைப் பணிய மாட்டோம். அந்த ‘போனாலும்’ இல்லாமல் விசுவாசம் முழுசாகாது. நம் மறவ நாட்டு மண்ணிலேயே அதற்குச் சாட்சி உண்டு: கத்தோலிக்க இயேசு சபையின் மதுரை மிஷனைச் சேர்ந்த அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4-ல் ராமநாதபுரம் பக்கம் ஓரியூரில் தலையை வெட்டினார்கள், முந்தின நாள் சிறையிலிருந்து அவர் எழுதின கடிதத்தில் பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். விடுதலை கிடைக்கவில்லை, ஸ்தோத்திரம் நிற்கவும் இல்லை. ஓரியூருக்குப் போகிறவர்கள் அந்தச் செம்மண்ணை இன்றைக்கும் நெற்றியில் பூசி, வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள்.

எபிநேசர், அதாவது உதவியின் கல், என்று வீட்டுக்குப் பெயர் வைக்கிறோம், இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார் என்று வாசலில் எழுதுகிறோம். அந்தக் கல்லைச் சாமுவேல் நாட்டினது 1 சாமுவேல் 7-ல். மூன்று அதிகாரம் முன்னால் போனால், 4-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் பாளயம் இறங்கித் தோற்ற இடத்துக்கும் எபிநேசர் என்றுதான் பெயர் வருகிறது, முப்பதாயிரம் காலாட்கள் விழுந்து, உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோன யுத்தம் அது. தோல்வியின் பெயர் ஒட்டியிருந்த இடத்தைச் சாமுவேல் மறைக்கவில்லை, அதே பெயரை வைத்துத்தான் நன்றி சொன்னான். புருஷனை இழந்த அந்த அக்காவுக்கும் எழுந்து நிற்கிற உரிமை இந்தக் கல்லில் இருக்கிறது. அவர் எழுந்து, கேட்டது கிடைக்கவில்லை, பிள்ளைகளை இம்மட்டும் நடத்தினார், இன்னும் ராத்திரியில் அழுகிறேன் என்று சொன்னால் அதுதான் முழுச் சாட்சி.

நம்பிக்கை என்றால் மாத்திரை போடாமல் இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள், அது பற்றியும் ஒரு வார்த்தை. மதுரைக்கு வந்த அந்த முதல் மிஷனரிகள் ஜெபிக்கத் தெரியாதவர்கள் இல்லை. வந்த சில வருஷங்களிலேயே காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொண்டுபோனபோது, அவர்கள் 1845-ல் கொடைக்கானல் மலையில் வீடு கட்டினார்கள், உடம்பு தேற ஒரு இடம் வேண்டும் என்று. கொடைக்கானல் ஊர் ஆனது அப்படித்தான். கீழ வெளி வீதியில் நாம் மிஷன் ஆஸ்பத்திரி என்று கூப்பிடுகிற இடத்தின் வரலாறும் அதே ரகம், 1890-களில் டாக்டர் வான் ஆலன் கட்டின மருத்துவமனைக்கு உள்ளூர் இந்துக்கள் பெரும் பணம் தந்தார்கள், அவரால் சுகம் பெற்ற குடும்பங்களின் நன்றி அதில் இருந்தது. நன்றி சொன்னவர்கள் வேறு மதம், நன்றியின் பலனை அனுபவித்தவர்கள் எல்லா மதமும். டாக்டரிடம் போவதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சொல்கிறவர்கள் இந்த ஊரின் சபை வரலாற்றையே அறியாதவர்கள்.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம். குடும்ப ஜெபம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது, ஒன்பது மணி சீரியலுக்கு முன்னாலோ பின்னாலோ. அதில் விண்ணப்பம் நீளமாகவும் ஸ்தோத்திரம் பொதுவாகவும் இருக்கும்: சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம், ஆமென். அன்றைக்கு நடந்த ஒரே ஒரு காரியத்தைப் பெயரோடு சொல்லச் சொல்லலாம், பிள்ளைகள் உள்பட. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, மோட்டார் ஓடித் தண்ணி ஏறியது, அம்மாச்சி போன் பண்ணினார்கள், எதுவானாலும் சரி. கூடவே கிடைக்காத ஒன்றையும் மறைக்காமல் சொல்லலாம். கவர் கொடுக்கிற வாரத்தில், கவரோடு நிறுத்தாமல் அன்றைக்கே ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கலாம், முக்கியமாக அந்த வாரம் கவர் கொடுக்கக் காரணம் எதுவும் இல்லாத வீட்டுக்கு. குருவானவர்கள் காணிக்கை வாசிக்கிற பட்டியலோடு, இந்த வாரம் துக்கத்தில் இருக்கிறவர்கள் பெயரையும் அதே மூச்சில், அதே பீடத்தின் முன்னால் வாசித்தால் நல்லது, சில சபைகளில் ஏற்கெனவே செய்கிறார்கள், மற்ற சபைகளும் கேட்டு ஆரம்பிக்கலாம்.